மல்லாந்து வரைந்த படம்

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு மச்சு இருந்துச்சாம், மச்சுக்குக் கீழ ஒருத்தி மல்லாந்து படுத்திருந்தாளாம், படுத்த மேனிக்கே அவ ஒரு படம் வரைஞ்சாளாம். பத்தொன்பது நாளாக மனசுக்குள் இப்படித்தான் ஆரம்பிக்கிறது, யாரும் உம் கொட்டாததால் அடுத்த அடி வைக்காமல் மறுபடி மச்சுக்குக் கீழேயே வந்து படுத்துக்கொள்கிறது. சமுதாயக் கல்லூரியின் இந்த நீளமான தகரக்கூரை அறையில் சுவரோரமாகப் பதினாலு பலகைகள், பலகைக்கு ஒருத்தராக நாங்கள் பதினாலு பேர், வீட்டு உள் அலங்காரப் பட்டயப் படிப்பின் கடைசிப் பரீட்சை. மதுரையிலிருந்து வந்திருக்கிற வெளித்தேர்வாளர் சார் இப்போது மூன்றாவது பலகையில் நிற்கிறார். நான் பதினொன்று. இன்னும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. என் பலகையில் ஆறு தாள்கள் குத்தியிருக்கின்றன, ஆறிலும் கீழ்மூலையில் க. பிரம்மசக்தி என்று அச்சுப்போல எழுதியிருக்கிறேன். நாலாவது தாளை மட்டும் நான் பார்க்கவில்லை. பார்க்காவிட்டாலும் கழுத்துக்குப் பின்னால் அது இருப்பது தெரிகிறது, வெயிலில் முதுகைக் காட்டி நின்றால் வெயில் தெரிவது மாதிரி. "ஏட்டி பிரம்மு, மூஞ்சியக் கொஞ்சம் நல்லா வையி. சார் வந்து இது வரவேற்பறையா எழவு வீடான்னு கேட்டுரப் போறாரு" என்கிறாள் பத்தாம் பலகை பெனிலா. அவள் செய்த அட்டை வீட்டில் சோபா ஒன்று பசை விட்டு விழுந்துவிட்டது, அதை எச்சில் தொட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறாள். நான் சிரித்தேன், அல்லது பல்லைக் காட்டினேன். "சிரிக்காட்டியே நல்லாருந்துச்சு" என்றாள். காலையில் இரண்டு இட்லி தின்றேன், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தாத்தா சொன்ன கதைகளில் தப்பு செய்தவனுக்கு உடனே ஏதாவது முளைக்கும், நாக்கில் முள், நெற்றியில் கொம்பு, அவன் துண்டைச் சுற்றிக்கொண்டு திரிவான், ஊர் கண்டுபிடிக்கும். எனக்கு ஒன்றும் முளைக்கவில்லை. இரண்டு இட்லி, கூட ஒரு வடை, செரித்தும் விட்டது.

அந்த அறை பதினாலுக்குப் பதினாலு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய வீடு, கனகராஜ் அண்ணாச்சி எடுத்துச் செய்கிற வேலை. சைட்டில் ஒரு மாசம் நின்று பழக வேண்டும் என்பது எங்கள் படிப்பின் சட்டம், நின்றதற்கு அத்தாட்சியாக அங்கே ஓர் அறையை நாமே அளந்து வரைந்து பரீட்சைக்கு வைக்க வேண்டும். பதினாலுக்குப் பதினாலு, வடக்குச் சுவரின் நட்டநடுவில் வாசல், தெற்குச் சுவரின் நட்டநடுவில் ஜன்னல், கூரையின் நட்டநடுவில் ஃபேன் கொக்கி. இடம் வலம் மாறிப் போனாலும் தன்னைக் காட்டிக்கொடுக்காத அறை, அதை யார் கட்டினானோ. ஒரு பக்கமாவது அலமாரி இருந்திருக்கலாம், ஒரு தூண், ஒரு உடைந்த மூலை. மாடியில் வேறு குடித்தனம். மாடிக்குப் போகிற கரண்டு கம்பி கான்கிரீட்டுக்குள் புதைந்து போகிறது, கூரையின் கிழக்குப் பாதியில். வயரிங் ஆள் கருவியை வைத்துத் தடம் பிடித்து சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார். அண்ணாச்சி, "ஏ பிள்ள, நாளைக்குப் பிரைமர் அடிச்சிருவானுவ, கோடு போயிரும். அளந்து படத்துல ஏத்திரு, சீலிங்காரனுக்கு ஒன் படந்தான் கண்ணு" என்றார். ஒன் படந்தான் கண்ணு. அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து விண்டுபோனது. சிமெண்டுத் தரை குளுகுளுவென்று இருந்தது. டைல்ஸ் வந்த அட்டையை விரித்து, வாசல் பக்கம் தலையை வைத்து மல்லாந்து படுத்து, நோட்டை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து, கண்ணுக்கு எது எந்தப் பக்கம் தெரிந்ததோ அதை அந்தப் பக்கமே போட்டேன். படுத்தால் கிழக்கு இடது கைக்கு வந்துவிடும். நின்று வடக்கே பார்த்தால் கிழக்கு வலது கை. இது தெரியாதா எனக்கு? இரண்டாம் மாசமே ரூபவதி மேடம் தன் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் தரையில் வைத்து, எல்லோரையும் சுற்றி நிற்கச் சொல்லி, "சீலிங் பிளான் வரையும்போது மேல பாக்காதீங்க. கீழ கண்ணாடி கெடக்குன்னு நெனச்சு, அதுல தெரியிற கூரைய வரைங்க. இல்லன்னா எல்லாம் எதிர்ப்பக்கம் போயிரும்" என்றார். நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருக்கிறேன். தெரியாமல் செய்திருந்தால் தெரியாமல் செய்தேன் என்று ஒரு வாசல் இருக்கும். எனக்குத் தெரியும், பத்து நிமிஷம் மறந்திருந்தேன், முதுகுக்குக் குளிர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான். வீட்டில் போய் அந்த நோட்டை வைத்து, ஒன்றுக்கு ஐம்பது கணக்கில் சுத்தமாக, கம்பி போகிற கோட்டைச் சிவப்பு மையில், மேற்குப் பாதியில், நான் ரொம்ப அழகாக வரைந்தேன்.

ஐந்தாவது பலகை. சார் குனிந்து எதையோ தடவிப் பார்க்கிறார், பின்னால் ரூபவதி மேடம் மார்க் தாளோடு நிற்கிறார். "திரைத்துணியத் தொட்டுப் பாத்தே அரை மார்க்கு கூட்டிட்டாரு, பாத்தியா? நானும் தொடுத மாதிரி என்னமாவது வச்சிருக்கலாம்" என்கிறாள் பெனிலா. தொடுகிற மாதிரி. சீலிங் போட வந்த மந்திரமூர்த்தி அண்ணன் படத்தைத் தொடவில்லை, கை முழுக்கச் சுண்ணாம்பு. சுவரில் ஒட்டியிருந்த என் தாளுக்குப் பக்கத்தில் போய் இடுப்பில் கை வைத்து நின்று, வாயில் புதினா மிட்டாயை உருட்டிக்கொண்டே பார்த்தார். அந்த மிட்டாய் நான் கொடுத்தது. சீலிங் போடுகிறவருக்கு எந்நேரமும் அண்ணாந்த தொண்டை, காய்கிறது என்றார், பையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். "இந்தப் பக்கம் கரண்டு. இந்தப் பக்கம் சும்மா. அப்படித்தான பிள்ள?" என்று கிழக்குப் பாதியைக் காட்டினார். நான் தலையைக் கூட நிமிர்த்தவில்லை, ஜன்னல் உயரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். "ஆமாண்ணே, அந்தப் பக்கம் சும்மாதான்." கீழ்வீட்டு மெயினை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்துத்தான் துளை போடுகிற மிஷினை மாட்டினார். அவ்வளவு கவனம். மாடி லைனுக்கு வேறு மெயின், அதில் கரண்டு ஓடிக்கொண்டிருந்தது. இரும்பு ஏணி. மிஷின் சத்தம் முதல் துளைக்கு ஒரு மாதிரி, இரண்டாவது துளைக்கு ஒரு மாதிரி, மூன்றாவது துளையில் சத்தம் நின்றது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு அது கேட்டுக்கொண்டே இருந்திருக்கும், அதைப் பிடித்துக்கொண்டாவது இருந்திருப்பேன். ஏணி சாய்கிற சத்தமும், அப்புறம் ஈரச்சாக்கைப் போட்டது போல ஒன்றும். எல்லோரும் ஓடி வந்தார்கள். நான் எங்கே ஓடினேன்? சுவரண்டை. தாளைப் பிய்த்து நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அப்போது தெரியாது, கைக்குத் தெரிந்திருக்கிறது. மேலே துளை கிழக்கில் இருந்தது, தாளில் கோடு மேற்கில் இருந்தது, இரண்டையும் ஒருசேரப் பார்த்தவள் உலகத்தில் நான் ஒருத்தி. கனகராஜ் அண்ணாச்சி விழுந்து கிடந்தவர் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "மிட்டாயாடா போட்டு மறைக்க? காலையிலேயே ஊத்திட்டு வந்திருக்கான் பாத்தியளா" என்றார்.

அதற்கப்புறம் எல்லாமே அந்த வழியில் ஓடியது, அந்தப் பொய்யை யாரும் ஓட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. அண்ணனுக்கு முதுகெலும்பு போய்விட்டது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்களாம். ஆனால் சைட்டில் பேச்சு அது இல்லை. அண்ணன் முன்னால் பெருங்குடிகாரராம், பதினோரு மாசத்துக்கு முன்னால் மாடன் கோயிலில் கயிறு கட்டினாராம். எங்கள் பக்கம் அது வழக்கம், குடியை விடுகிறேன் என்று சாமி முன்னால் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வது. கயிறு கையில் இருக்கும்போது குடித்தால் சாமி காலை முடக்கிவிடும் என்பார்கள். மற்ற கேட்டைச் சொல்வதில்லை, காலை முடக்கும், அவ்வளவு குறிப்பாக. இப்போது கால் முடங்கிவிட்டது. டைல்ஸ் போடுகிற ஆட்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், "கயித்தோட வெளையாடுனா விடுமா" என்றார்கள், இரண்டு பேர் அந்த வாரமே போய்க் கயிறு கட்டிக்கொண்டு வந்தார்கள். என் சிவப்பு மை அந்தக் கோயிலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. கிழக்கை மேற்காக்கினது மாடன் என்று ஆகிவிட்டது, எனக்குப் பதிலாக ஒரு சாமி பழியை ஏற்றுக்கொண்டு நாக்கைத் துருத்தி நிற்கிறது, அதற்குக் கிடா வெட்டினாலும் வெட்டுவார்கள். அண்ணன் மட்டும் ஆஸ்பத்திரியில் படத்தைப் பார்த்துத்தான் துளை போட்டேன், படத்தைப் பார்த்துத்தான் துளை போட்டேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாராம். எந்தப் படம்? சுவரில் நாலு செலோடேப் தழும்பு இருக்கிறது. மூன்றாம் நாள் நான் அந்தத் தாளை வெந்நீர் அடுப்பில் போட்டேன், நாலாம் நாள் உட்கார்ந்து சரியாக வரைந்தேன், தரையில் கண்ணாடி கிடப்பதாக நினைத்து. கோடு கிழக்கில் வந்தது. இப்போது கழுத்துக்குப் பின்னால் நிற்பது அதுதான், சரியான படம். தப்பான படம் கூட இவ்வளவு கெட்டது இல்லை என்று எனக்கு நேற்றுத்தான் தோன்றியது, பின் குத்தும்போது. சரியான படம் என்றால் அதன்படி பார்த்தால் அவர் கம்பி இருக்கிற இடத்திலேயே போய்த் துளைத்திருக்கிறார், பார்த்துப் பார்த்துத் துளைத்திருக்கிறார், நிதானத்தில் இருக்கிறவன் யாராவது துளைப்பானா.

எட்டாவது பலகை. ஜன்னல் வழியே வராந்தாவில் ஒரு சேலை தெரிகிறது, ஊதாவும் இல்லாமல் நீலமும் இல்லாமல் துவைத்துத் துவைத்துப் போன நிறம், எங்கள் வண்ண அட்டையில் அதற்குப் பெயர் கிடையாது. ஒரு பெண் தூணோடு ஒட்டி நிற்கிறாள், செருப்பைப் படிக்குக் கீழேயே கழற்றி விட்டிருக்கிறாள், காலேஜுக்குள் செருப்போடு வரக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ. வாட்ச்மேன் என்னமோ கேட்கிறார், அவள் உள்ளே கை காட்டுகிறாள். அவள் திரும்பியதும் அடையாளம் தெரிந்தது. சண்முகக்கனி அக்கா, மந்திரமூர்த்தி அண்ணன் பெண்டாட்டி. ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், சைட்டுக்குச் சோற்றுவாளி கொண்டுவந்தபோது. அன்றைக்கு அண்ணன், "இது காலேஜ் பிள்ள, இதுதான் நமக்குப் படம் வரையுது" என்று காட்டினார், அக்கா ஒரு மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு எனக்கும் ஒரு கரண்டி தயிர்சாதம் வைத்தாள். எதற்கு வந்திருக்கிறாள். தெரிந்துவிட்டதா. தெரிந்திருந்தால் தனியாக வரமாட்டாள், ஆட்களோடு வருவாள், போலீஸோடு வருவாள். தெரியவில்லை என்றால் எதற்கு வருகிறாள். பின்பக்கம் கழிப்பறை வாசல் இருக்கிறது, அதன் வழியே சைக்கிள் கொட்டகைக்குப் போய்விடலாம், ஆனால் பதினொன்றாவது பலகையில் ஆள் இல்லை என்றால் பூஜ்யம் போடுவார்கள். பூஜ்யம் போடட்டும். போட்டால் இந்தச் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லை என்றால் மறுபடி பாத்திரக்கடையில் பில் போட நிற்க வேண்டும், நிற்கட்டுமே, நிற்கத்தானே கால் இருக்கிறது. கால் இருக்கிறது என்று நினைத்ததும் கால் கூசியது. ஓடவில்லை. "ஒன் பக்கத்து வீடா? இங்கயே பாத்துக்கிட்டு நிக்காவ" என்றாள் பெனிலா. "தெரிஞ்சவங்க" என்றேன். நான் பேசுவது யாருக்கும் ஒரு தடவையில் கேட்காது, "என்னது?" என்றாள். "தெரிஞ்சவங்க."

சார் பெனிலாவின் சோபாவைத் தொட்டார், அது மறுபடி விழுந்தது, இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் என் முன்னால் வந்துவிட்டார். கிட்டத்தில் அவரிடம் விபூதி வாசனை. முதல் தாள், இரண்டாம் தாள், ஏன் இந்த நிறம், ஏன் அலமாரிக்கு இழுவைக் கதவு, எல்லாவற்றுக்கும் வாய் பதில் சொன்னது. நாலாவது தாளில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நின்றார். "இந்தச் செவப்புக் கோடு என்னம்மா?" "மாடிக்குப் போற கரண்டு லைன் சார்." "கான்கிரீட்டுக்குள்ள இருக்கிறது ஒனக்கு எப்படித் தெரியும்?" "சாக்பீஸ் குறி இருந்துச்சு சார். அளந்து ஏத்துனேன்." அவர் மேடத்தைத் திரும்பிப் பார்த்தார். "பாருங்க, இத எவனும் செய்யிறதில்லங்க. பெரிய பெரிய ஆபீஸ்லயே செய்யிறதில்ல." மேடத்துக்கு முகம் மலர்ந்தது. "இதே ரூம்லதான் சார் அந்த ஆக்சிடெண்டு. நான் சொன்னேன்ல. படம் இவ்வளவு தெளிவா இருக்கு, அந்த ஆளு அதே எடத்துல போயி டிரில் போட்டிருக்கான். குடிச்சிட்டானாம். பாவம், இந்தப் பிள்ள கண்ணு முன்னாலயே." சார் உச் கொட்டினார். "படிக்காத ஆளுக, படத்த எங்க பாக்குறாங்க." இல்லை சார், பார்த்தார், இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார், என்னிடம் கேட்டுக்கூடப் பார்த்தார். இதோ இப்போது. இந்த மூச்சை விட்டதும் சொல்லிவிடலாம். இந்த மூச்சு போனது. அடுத்த மூச்சில். அவர் பையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்தார், பேனா எடுத்தபின் பேசுவது மரியாதையாக இருக்காது என்று எனக்குத் தோன்றியது, நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது. நாலாவது தாளின் மூலையில், என் பெயருக்கு மேலே, மிகவும் நன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார். பன்னிரண்டாவது பலகைக்கு நகர்ந்தார்கள். அப்புறம் பதின்மூன்று, பதினாலு. அப்புறம் சாப்பாட்டு மணி. மேடம் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பெனிலா, "மூஞ்சிய அப்படி வச்சுத்தான் மார்க்கு வாங்கியிருக்கா, கள்ளி. வாரியா, புரோட்டா வாங்கித் தாரேன்" என்றாள். வருகிறேன், நீ போ என்றேன். அறை காலியானது. தகரம் வெயிலில் டக் டக் என்று விரிகிற சத்தம்.

அக்கா வாசலில் நின்று, "வரலாமா பிள்ள?" என்றாள். உள்ளே வந்து அட்டை வீடுகளைச் சுற்றிப் பார்த்தாள், ஒன்றின் வாசலில் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள், குட்டி ஃபேனைப் பார்த்து, "எவ்வளவு சின்னதா செஞ்சிருக்கிய" என்றாள். அண்ணனுக்கு எப்படி இருக்கு என்று கேட்டேன். "கெடக்காவ" என்றாள். அப்புறம் நேராகவே வந்துவிட்டாள். "ஒன்னயத்தான் பாக்க வந்தேன். நீ அங்கன இருந்தல்லா. அவிய குடிச்சிருந்தாவளா, இல்லயா? ஊரு சொல்லுததை நான் கேக்கல. கயித்த நானே ஆஸ்பத்திரியில வச்சு அறுத்துப் போட்டுட்டேன். பத்தொம்பது நாளா மொகங்குடுத்துப் பேசல, வாயில கஞ்சிய ஊத்துதேன், பேசல. படத்தப் பாத்துத்தான் போட்டேன்னு அழுதாவ. நீ ஒரு வார்த்த சொல்லிட்டா நான் போயி பேசிருவேன்." இதற்குத்தான் வந்திருக்கிறாள், ஒரு வார்த்தைக்கு, புருஷனோடு பேசலாமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள. "குடிக்கலக்கா" என்றேன். என் குரல் தகரத்துக்கே கேட்டிருக்காது, அவளுக்குக் கேட்டுவிட்டது. அவள் முகம் ஒரு கணம் திறந்தது. "நெசமா?" "குடிக்கல. மிட்டாய் நான் குடுத்தேன். படத்தப் பாத்துத்தான் போட்டாவ. படந்தான் தப்பு. நான் மாத்தி வரைஞ்சிட்டேன், கெழக்க மேக்கா போட்டுட்டேன், அவிய கேட்டாவ, நான் சரின்னேன்." சொல்லிவிட்டேன். இவ்வளவுதானா, இவ்வளவு சின்னதா இது. அக்கா என்னையே பார்த்தாள். "எது, அந்தப் படமா?" சுவரைப் பார்த்தாள். நான் நாலாவது தாளைக் காட்டினேன், காட்டாமல் எப்படிச் சொல்வது. பக்கத்தில் போய்ச் சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தாள். "வாசல் இதா? இது ஜன்னலு. அப்பம் இது கெழக்கு." வீட்டை அவள் பார்த்திருக்கிறாள், துளையையும் பார்த்திருக்கிறாள், சோற்றுவாளியை எடுத்துவரப் போனபோது. "கெழக்கதான போட்டிருக்கு. சரியாத்தான இருக்கு." "இது பெறகு வரைஞ்சதுக்கா. பழசு தப்பு." "பழசு எங்க?" "எரிச்சிட்டேன்." "அய்யா பச்ச மையில எழுதியிருக்காவளே, என்ன எழுதியிருக்காவ?" நான் வாசித்துச் சொன்னேன். மிகவும் நன்று. அவள் விரலை எடுத்துவிட்டாள். திறந்திருந்த முகம் மூடுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், கடைக்காரர் கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொருகுவது மாதிரி. "அக்கா, நெசமாத்தான் சொல்லுதேன்." "இரு பிள்ள" என்றாள், கோபமே இல்லை. "பதினஞ்சு வருசமா எனக்கு இதான் வேல. அவிய குடிச்சிட்டு வந்த ஒவ்வொரு நாளும் ஒருத்தன் வந்து நிப்பான், குடிக்கலக்கா, சத்தியமா குடிக்கலக்கா, வெயிலு தலைக்கேறிட்டு, மருந்துக்கட வாசன, பெயிண்டு வாசன. ஒருத்தன் புள்ள மேல அடிச்சுச் சத்தியம் பண்ணான். எல்லாம் எரக்கப்பட்ட பயலுவதான். நீயும் எரக்கப்படுத, அதுக்காவ ஒன் படிப்பப் போயி தப்புங்காத, வாய்ல அப்படி வரக்கூடாது." "இல்லக்கா, கேளுங்க." "கேட்டுட்டேன் தாயி. தப்பா வரைஞ்சவளுக்கு எவனாவது நன்றுன்னு எழுதுவானா?" முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். பெரியாஸ்பத்திரிக்கு இரண்டு மணிக்குள் போகவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள் என்றாள். நான் மேடத்தைக் கூட்டிவருகிறேன், சாரைக் கூட்டிவருகிறேன், எழுதித் தருகிறேன் என்று என்னென்னவோ சொன்னேன், அத்தனையும் தொண்டைக்குள் சொன்னேனோ வெளியே சொன்னேனோ, அவள் கையை என் தலையில் ஒரு தடவை வைத்து எடுத்தாள். கை கனமாக இருந்தது, சுண்ணாம்பு படிந்த கை மாதிரி, ஆனால் அவள் கையில் ஒன்றும் இல்லை. "நல்லா வரைஞ்சிருக்க. நல்லாரு" என்றாள். வராந்தாவின் கடைசி வரை போனாள், படியிறங்கினாள், செருப்புச் சூடு ஏறியிருக்க வேண்டும், காலை வைத்து எடுத்து வைத்து எடுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு சேலையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு, வெயிலில் நேராக நடந்து போனாள்.